அஞ்சாவது வரிக்குக் கீழ

வலது முட்டுலதான் ஆரம்பிக்கணும், எப்பவும் வலதுதான், அதுலதான் குடைச்சல் கூட. இதை முப்பிடாதிக்கு நான் சொல்லணும்னு இல்ல, பத்தொம்பது வருசமா எனக்குக் காலு தேய்க்கா, கண்ணை மூடிக்கிட்டே தேய்ப்பா. நொச்சியும் முடக்கத்தானும் போட்டு நான் காச்சுன எண்ணெய், நான்னா என்ன நான், அவதான் அரைப்பா, அவதான் கிண்டுவா, நான் பக்கத்துல உக்காந்து பதம் சொல்லுவேன், போத்தல் மேல எம்பேரு இருக்கும். ஆனா இன்னைக்கு அந்தக் கை சரியில்ல. ரெண்டு இழுப்பு இழுக்கா, நிறுத்துதா, என் மூஞ்சியப் பாக்கா, மறுபடி ரெண்டு இழுப்பு. நேத்து கேட்டதுக்குப் பதிலு வேணும் அவளுக்கு. வாய் தொறந்து ரெண்டாந்தரம் கேக்க மாட்டா, கையிலதான் கேப்பா. நேத்து சாயந்தரம் அம்மியக் கழுவிக்கிட்டே சொன்னா, ‘ஆச்சி, அங்கன்வாடில ஆயா வேலைக்கு ஆள் எடுக்காவளாம், எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதுமாம், ஒரு பக்கத்தக் கையில குடுத்து வாசிக்கச் சொல்லிப் பாப்பாவளாம், இன்னும் ஒரு மாசம் கெடக்கு, எனக்கு மறுபடி படிக்கச் சொல்லித் தாரியளா?’ன்னு. நான் ‘பாப்பம்ளா’ன்னேன். பாப்பம்னா என்ன பாப்பம். இதே வாயால எத்தனை மேடையில சொல்லிருக்கேன், எழுத்துக்கு வயசு கெடையாது, எந்தக் கையும் அ போடும், எந்தக் கண்ணும் ஆ வாசிக்கும்னு, சொன்ன ஒடனே கைதட்டுவாவ, கைதட்டு முடியுத வரைக்கும் நான் செத்த நிறுத்துவேன், எங்க நிறுத்தணும்னு பழகிட்டு. உப்பளத்துல வேலை பாத்த ஒரு பொம்பளைக்கு, அறுவது வயசு அவளுக்கு, நான்தான் எழுத்து சொல்லிக் குடுத்தேன், மேடையில அவ கதையத்தான் முதல்ல சொல்லுவேன், அவ முதமுதலா எழுத்துக்கூட்டி வாசிச்சது அவ புருசன் பெட்டியில இருந்த பத்திரத்த, வீட்ட வேற ஒருத்தி பேருக்கு எழுதி வச்சிட்டுச் செத்துருக்கான். மேடையில அந்தப் பாதிய மட்டும் சொல்ல மாட்டேன். அவ என் வீட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனா, இதைப் படிக்கத்தான் எனக்குச் சொல்லித் தந்தியாடின்னு கேட்டா. எழுத்தக் குடுத்தா எதைப் படிப்பாவன்னு நாம சொல்ல முடியாது. அதுதான் பயமே. ‘வலிக்கா ஆச்சி?’ன்னு கேக்கா இவ. இல்லளா, தேயி, தேயி.

கூரியர்க்காரன் பதினோரு மணிக்குள்ள வந்துருவான்னு நேத்து ராத்திரி ஜெபராஜ் மகன் போன்ல சொன்னான். அந்தப் பய குரல்ல என்னா சந்தோசம். ஜெபராஜ் செத்து ஆறு வருசம் ஆச்சு, அவருதான் நான் சின்னப் பிள்ளையளுக்கு எழுதுன புஸ்தகம் பூராத்தையும் அச்சுப் போட்டவரு, மூத்திரக் கல்லுக்கு நான்தான் சிறுபீளைக் கஷாயம் குடுத்தேன், கல்லு விழுந்த அன்னைக்கு அதைத் தீப்பெட்டில வச்சு எங்கிட்ட கொண்டாந்து காட்டுனாரு அந்த மனுசன், அவரு வீட்ல நான் காப்பி குடிச்சிட்டு இருக்கும்போது, அவரு வீட்டம்மா போடுத காப்பியே கொமட்டும், அதுல இது வேற. நல்ல மனுசன்தான். அவரு மகன் சொல்லுதான், ‘பாட்டி, உங்க எழுவத்தஞ்சுக்கு நாங்க ஒரு பரிசு வச்சிருக்கோம், அப்பா அலமாரில பொன்னி புக்கோட முதல் பதிப்பு ஒண்ணு கெடச்சுது, நம்மகிட்ட இப்ப இருக்கது எல்லாமே ரெண்டாம் பதிப்புதான, அதனால அந்த முதல் பதிப்ப அப்படியே படம் எடுத்து, ஒரு புள்ளி மாத்தாம, அதே மாதிரி அச்சுப் போட்டிருக்கோம், இருவது காப்பி உங்களுக்கு அனுப்பிட்டேன்’னான். ஒரு புள்ளி மாத்தாம. ‘ரொம்ப சந்தோசம்ப்பா’ன்னேன். முதல் பதிப்புல ஒண்ணு விடாம நாந்தான் திருப்பி வாங்குனேன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி, படத்துல கலர் சரியில்ல புதுசு தாரேன்னு சொல்லி, மூட்டை கட்டிக் கொண்டாந்து எங்க தோட்டத்துல வச்சு எரிச்சேன், ரெண்டு நாள் எரிஞ்சுது, கெட்டி அட்டை, லேசுல பிடிக்காது. ஜெபராஜ் ஒண்ண ஒளிச்சு வச்சிருந்திருக்காரு. ஏன் வச்சாரு? வேணும்னேதான் வச்சாரா? கல்லக் கூடத் தீப்பெட்டில வச்ச மனுசன்லா, எதையும் தூரப் போட மாட்டாரு.

எல்லாத்துக்கும் அவரு அளவுகோலுதான் காரணம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிடுவேன். புதுசா வாசிக்கப் படிக்க பிள்ளையளுக்கு ஒரு பக்கத்துக்கு அஞ்சு வரி, அதுக்கு மேல போனாப் பிள்ளை கண்ணு அலையும், படம் சுருங்கும், இதுதான் அவரு சட்டம், அடிக்கோலை வச்சு அளந்து பாப்பாரு. பொன்னின்னு ஒரு பிள்ளை, அவ தம்பி கால்ல முள்ளு குத்திட்டு, பொன்னி வேலியோரத்துல எருக்கெலையப் பறிச்சு, அந்தப் பால்ல ஒரு சொட்டு வைக்கா, முள்ளு வெளிய வந்துருது. எங்க பக்கத்துல காடு கரைக்குப் போற எல்லாரும் செய்யுததுதான், நான் புதுசா ஒண்ணும் சொல்லல. நான் ஆறு வரி எழுதிருந்தேன். ஆறாவது வரி, கையைக் கழுவு, பால் கண்ணில் பட்டால் கண் போகும். ஜெபராஜ் அந்தப் பக்கத்த என் முன்னால வச்சு, ‘அம்மா, ஒரு வரி குறைக்கணுமே’ன்னாரு. அவரு எந்த வரின்னு சொல்லல. சொல்லவே இல்ல. எந்த வரின்னு நாந்தான் பாத்தேன். ‘தம்பி அழுதான்’ங்கத எடுத்துருக்கலாம். எடுத்தா என்ன, தம்பி அழுதா என்ன அழாட்டா என்ன. ஆனா அது நல்லா இருந்துச்சு, அந்த ரெண்டு வார்த்தையில ஒரு சத்தம் இருந்துச்சு, முள்ளு வெளிய வந்ததோட பக்கம் முடிஞ்சாத்தான் கதை. அதுக்கு அப்புறம் கையைக் கழுவு, கண்ணு போவும்னு வந்தா அது மருந்துச் சீட்டு. நான் மருந்துக்காரியும்தான, ஊரே மூலிகை ஆச்சின்னுதான கூப்பிடுது, ஆனா அன்னைக்கு அந்த மேசை முன்னால நான் கதைக்காரியா உக்காந்துருந்தேன். பேனாவ எடுத்து ஆறாவதுல ஒரு கோடு போட்டேன். நேரா ஒரு கோடு. அடிச்சிட்டு, ‘இப்ப எப்படி வந்துருக்கு பாருங்க’ன்னேன். ‘அருமைம்மா’ன்னாரு.

இவ நல்லாத் தேய்க்கா இப்ப. சூடு ஏறுது. இந்தக் கைதான், ஒம்பது வயசுல, புஸ்தகத்தத் தாவணிக்குள்ள மறைச்சுக் கொண்டு போன கை. தாவணி எங்க, கவுனு, ஒம்பது வயசுல என்ன தாவணி. எங்க வாசிப்பு வட்டத்துல சாயந்தரம் வந்து படிக்க பிள்ளையள்ல இவளுக்கு ஈடு ஒருத்தி கெடையாது. கடகடன்னு வாசிப்பா, மூச்சு விட மாட்டா, புள்ளி வந்தாலும் நிக்க மாட்டா, நில்லுளா புள்ளி வருதுன்னா ‘புள்ளி ஓடிப் போயிருமா ஆச்சி’ன்னு கேப்பா, எல்லாப் பிள்ளையளும் சிரிக்கும். எங்க வட்டத்துக்கு ஒரு முறை உண்டு, அதுவும் நான் கண்டுபிடிச்சதுதான், இன்னைக்கும் நாலஞ்சு மாவட்டத்துல நடத்துதாவ, படி, செய், சொல்லு. வீட்டுக்கு ஒரு புஸ்தகம் கொண்டு போகணும், வீட்ல ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டணும், அதுல உள்ள ஒண்ணச் செஞ்சு பாக்கணும், மறுநாள் வட்டத்துல எந்திரிச்சு நின்னு சொல்லணும். சொன்ன பிள்ளைக்கு எல்லாரும் கைதட்டணும். இவ தம்பி சொரிமுத்துக்கு அப்ப நாலு வயசு. கருவேல முள்ளு கால்ல. இவ பொன்னி கதைய அவனுக்கு வாசிச்சுக் காட்டிட்டு, எருக்கெலையப் பறிச்சுப் பால வச்சிருக்கா, மிச்சப் பால் வழிஞ்சத அந்தப் பய ரெண்டு கையிலயும் அப்பிக்கிட்டு, முள்ளு வந்துட்டுன்னு கண்ணத் தொடச்சிருக்கான். அழுத பிள்ளை கண்ணத் தொடைக்கத்தான செய்யும். தம்பி அழுதான். மறுநாள் வட்டத்துல இவ எந்திரிச்சு நின்னா, ‘முள்ளு வந்துட்டு ஆச்சி!’ன்னா, எல்லாரும் தட்டுனோம், நானும் தட்டுனேன், தட்டி முடிச்ச பிறவுதான் சொல்லுதா, ‘ஆனா ஆச்சி, அவன் கண்ணு செவசெவன்னு இருக்கு, ராத்திரி பூரா தூங்கல’ன்னு.

அப்பவே போயிருந்தா. அப்பவே ஒரு பஸ் பிடிச்சு, ஒண்ணரை மணி நேரந்தான் கண்ணாஸ்பத்திரிக்கு, அப்பவே கழுவிருந்தா பிழைச்சிருக்கும்னு பொறவு டாக்டரு சொன்னாரு. நான் போயிப் பாத்தேன். பயலுக்கு எடது கண்ணு வீங்கிக் கெடக்கு. அவ ஆத்தா செல்லக்கிளி எங்கால்ல விழுதா, பீடி சுத்துத பொம்பளை, ‘ஆச்சி நீங்க வந்துட்டிய, இனி எனக்குப் பயமில்ல’ன்னு. எனக்கு என்ன பயம்னு அவளுக்குத் தெரியுமா. நாலாம் நாளு, மாவட்டத்துல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் புஸ்தகம் தேர்வு செய்யுத கூட்டம். பொன்னியும் இருந்தா பட்டியல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாவ, பிள்ளை புஸ்தகத்தக் காட்டும், இந்தப் பிள்ளை ஒண்ணையும் மறைக்காது, புள்ளில கூட நிக்காதது. நந்தியாவட்டைப் பூவப் பிழிஞ்சு கண்ணுல விட்டேன். குளுந்துருக்கும், சரியாப் போவும்னேன். ரெண்டாம் நாளும் விட்டேன். மூணாம் நாளும். நான் மருந்து தெரியாதவ இல்ல, எந்தச் சூட்டுக்கு எது கேக்கும் எது கேக்காதுன்னு எனக்குத் தெரியும், மூணாம் நாளு பூவப் பிழியும்போது எங்கையிக்கே தெரிஞ்சுது இது கேக்காதுன்னு. கருமுழி மேல வெள்ளையா ஒரு படலம், பால் ஆடை மாதிரி. நாலாம் நாளு காலைல கூட்டத்துக்குப் போனேன், பொன்னி தேர்வாயிட்டா, மாலை போட்டாவ, சாயந்தரம் வந்து நானே டாக்சி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஊர்ல என்ன சொன்னாவ? ஆச்சி டாக்சில கூட்டிட்டுப் போனாவ, என்ன மனசுன்னாவ. டாக்டரு லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, ‘எத்தனை நாள் ஆச்சு?’ன்னு கேட்டாரு. செல்லக்கிளி என்னையப் பாத்தா. நான் ‘நேத்துதான் எங்கிட்ட சொன்னாவ’ன்னேன். அவளும் ஆமான்னுட்டா. நான் சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சிருக்கா.

இதோட நின்னுருக்கலாம். நெஞ்சுல கை வச்சுச் சொல்லுதேன், இதோட நின்னுருந்தா நான் என்னைய மன்னிச்சிருப்பேன், எத்தனையோ பேரு எத்தனையோ பண்ணிருக்காவ. எங்க சின்ன அத்தை ஒருத்தி, மருமவளுக்குப் பிள்ளை நிக்கக் கூடாதுன்னு அன்னாசிப் பழமா வாங்கிக் குடுத்துக்கிட்டே இருந்தா, பிறவு பேத்தி பொறந்தப்ப அவதான் தொட்டிலு கட்டுனா, பேத்தி பேரு கூட அவதான் வச்சா. மனுசிய அப்படித்தான். எனக்குப் பேத்தி ஒருத்தி இருக்கா பெங்களூர்ல, பாட்டி எழுதுன ஒரு வரி வாசிக்கத் தெரியாது அவளுக்கு, போன மாசம் போன்ல, ‘பாட்டி யூ ஆர் ஃபேமஸ்யா?’ன்னு கேக்கா, அது போட்டும். ரெண்டாம் பதிப்பு வந்துச்சு. நான்தான் ஜெபராஜ்கிட்ட சொல்லி ஆறாவது வரிய உள்ள போட வச்சேன், படத்தச் சுருக்கி, எழுத்தச் சின்னதாக்கி. அவரு ஒண்ணும் கேக்கல. புதுப் புஸ்தகம் மைவாடை போகாம எங்கையிக்கு வந்த அன்னைக்கு, செல்லக்கிளி என் வீட்டுக்கு வாரா, இந்தப் பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு. ‘ஆச்சி, இவ சாதிக்கா, புக்குல அப்படித்தான் போட்டுருக்கு, கழுவணும்னு போடலன்னு’ங்கா. பிள்ளை நிமிந்து என்னையப் பாக்கா. நான் அந்தப் புதுப் புஸ்தகத்தத் தொறந்து, அந்தப் பக்கத்த எடுத்து, அவ விரலப் பிடிச்சு ஆறாவது வரி மேல வச்சேன். ‘இது என்னளா?’ன்னேன். எழுத்துக்கூட்டி வாசிச்சா. கடகடன்னு வாசிக்க பிள்ளை, அன்னைக்கு எழுத்துக்கூட்டுனா. கையை. கழுவு. ‘நீ ஏன் இதைப் படிக்கல?’ன்னு கேட்டேன். எவ்வளவு மெதுவாக் கேட்டேன், சத்தம் போடல, தலையத் தடவிக் குடுத்துக்கிட்டே கேட்டேன். ‘எனக்கு... எனக்குத் தெரியல ஆச்சி, அன்னைக்கு இது எங்கண்ணுல படல ஆச்சி’ன்னா. செல்லக்கிளி தொடப்பத்த எடுத்தா, என் வீட்டுத் தொடப்பந்தான், வாசக்கதவு மூலைல இருந்தது. நான் தடுத்தேன். ரெண்டு அடி விழுந்த பிறவு தடுத்தேன். படிச்சுக் கிழிச்சது போதும்னு பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டா. பன்னெண்டு வயசுல எங்கிட்ட கொண்டாந்து விட்டா, ‘உங்க காலடியில கெடக்கட்டும் ஆச்சி’ன்னு. அந்தக் காலத்தான் இப்ப தேய்க்கா.

அதைக் கதையா வேற எழுதுனேன். அதை நெனச்சாத்தான் எனக்கே. ஒரு பிள்ளை ஒரு வரிய விட்டுட்டு, தம்பி கண்ணு போயிருது, வயசாகிச் சாகுத வரைக்கும் அந்த ஒரு வரியத் தேடிக்கிட்டே இருக்கா, அப்படி ஒரு கதை. பரிசு குடுத்தாவ மெட்ராசுல. வாசிச்சவ எல்லாம் அழுதாவ. பாராட்ட வீடு தேடி வந்தவளுக்கெல்லாம் இவதான் தட்டுல காப்பி கொண்டாந்து வச்சா, ஒரு அம்மா இவ முன்னாலயே எங்கையப் பிடிச்சிக்கிட்டு, ‘அந்தப் பொண்ணு மனசுக்குள்ள எப்படிம்மா போனீங்க?’ன்னு கேக்கா, இவ சீனி போதுமான்னு கேக்கா. கதையில என்னன்னு இவளுக்குத் தெரியாது. தெரிய விட்டேனா? ஒருநாள் டப்பா மேல ஒட்டிருந்த சீட்ட வாசிச்சு, ‘ஓமம் ஆச்சி’ன்னா. சரியாத்தான் வாசிச்சா. நான், ‘நல்லாப் பாருளா’ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். திரும்பப் பாத்தா, பிறவு மோந்து பாத்தா. இன்னொரு நாளு பஸ் போர்டு, தென்காசின்னு சரியாச் சொன்னா, ‘அப்படியா போட்டுருக்கு?’ன்னேன். ஏறாம நின்னுட்டா, பஸ் போயிட்டு. ‘உனக்கு எழுத்து ஏமாத்தும்ளா, சில பேரு கண்ணு அப்படி’ன்னு எத்தனை தடவ சொன்னேன், ஆதரவாத்தான் சொன்னேன். இப்ப ரேசன் கடைல கூட ரெண்டு பேருகிட்ட கேட்டுத்தான் நம்புவா. சொரிமுத்து கேரளாவுல பரோட்டாக் கடையில நிக்கான், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கெழமை போன் போடுவான், எடுத்த ஒடனே, ‘ஏ படிச்சவளே, சாப்பிட்டியா?’ம்பான். இவ சிரிச்சுக்கிட்டே ‘சாப்பிட்டேன்டா’ம்பா. அவனுக்குப் பொண்ணு அமையாம நான் கட்ட மாட்டேன்னு முப்பத்தோரு வயசு வரைக்கும் நிக்கா.

சத்தம் கேக்கு. கேட்டுல பெல்லு. ‘கூரியரு போல ஆச்சி’ன்னு எந்திரிக்கா. ‘இருளா, அவன் வச்சிட்டுப் போட்டும், நீ முட்டத் தேயி’ங்கேன். ‘கையெழுத்து கேப்பாம்லா’ன்னு ஓடிட்டா, எண்ணெய்க் கையோட. இந்தக் காலு எந்திரிக்க விட மாட்டேங்கு, எந்திரிச்சா அந்தப் பெட்டிய வாங்கி மச்சுல போட்டுப் பூட்டிருவேன், நேத்தே வேற விலாசம் குடுத்துருக்கலாம், இவளக் காலைல நொச்சி ஒடிக்க ஆத்தங்கரைக்கு அனுப்பிருக்கலாம், எதையும் செய்யல, ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்து ஒண்ணும் செய்யல. பெட்டிய இடுப்புல வச்சுக்கிட்டு வாரா, பிள்ளையத் தூக்கிட்டு வாரவ மாதிரி. ‘ஒங்க புக்கா ஆச்சி?’ ‘அங்கன வை. பழைய பேப்பரு.’ ‘பேப்பருக்கா இம்புட்டு டேப்பு ஒட்டிருக்கான்?’னு சொல்லிக்கிட்டே அருவாமணைய எடுத்துக் கிழிக்கா. ‘முப்பிடாதி, எண்ணெய்க் கைளா!’ ‘தொடச்சிட்டேன் ஆச்சி, தொடச்சிட்டேன்.’ சேலைல தொடைச்ச கையி, ஒரு புஸ்தகத்த வெளிய எடுக்கு. பொன்னி அட்டை. அதே மஞ்சக் கலரு, அதே எருக்கம்பூ. இவ மூஞ்சி அப்படியே நிக்கு. பிறவு எங்காலுகிட்ட வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, ‘ஆச்சி, இதுலயே ஆரம்பிப்போமா? இதுலதான விட்டேன்’ங்கா. ‘வெயிலு ஏறுது, ஒலை வைக்கணும், போளா.’ ‘ஒரே ஒரு பக்கம். நானே வாசிக்கேன், தப்புன்னா சொல்லுங்க.’ எந்தப் பக்கம்னு அவளுக்குத் தெரியும். தேடவே இல்ல, நேரா அங்கதான் தொறக்கா. விரல வச்சா. ‘பொன்... னி. பொன்னி தம்பி காலில் முள். தம்பி... அழு... தான். பொன்னி எருக்கு இலை பறித்தாள். பால் ஒரு... சொட்டு வைத்தாள். முள் வெளியே வந்தது.’ ஒரு தப்பு இல்ல. இருவத்திரண்டு வருசமா புஸ்தகத்தத் தொடாதவ, ஒரு தப்பு இல்ல. இந்தத் தடவ புள்ளில நின்னா.

அவ விரலு கீழ எறங்குது. அஞ்சாவது வரிக்குக் கீழ, வெறுந்தாள்ல. அங்கனயே நிக்கு. அங்கிட்டும் இங்கிட்டும் தடவுதா. அடுத்த பக்கத்தத் திருப்புதா, அங்க பொன்னி பள்ளிக்கூடத்துக்குப் போறா, இவ மறுபடி பழைய பக்கத்துக்கே வாரா. இந்தா முடிஞ்சுது, இப்ப நிமிந்து பாப்பா, பாத்த ஒடனே எல்லாம் தெரிஞ்சுரும், தெரிஞ்சாத்தான் என்ன, தெரியட்டும், எழுவத்தஞ்சு வயசாச்சு, இன்னும் எத்தனை நாளு, தொடப்பத்த எடுக்கட்டும், அந்த எண்ணெய்ச் சட்டியத் தூக்கி எந்தலையில ஊத்தட்டும். நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும் கலங்கிருக்கு. ‘ஆச்சி.’ ‘என்னளா.’ ‘அந்த வரி இதுல எங்கன இருக்கு? எனக்கு அஞ்சுதான் தெரியுது. அன்னைக்கும் இதே மாதிரிதான், அஞ்சுதான் தெரிஞ்சுது.’ எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆச்சு. அவ என்னையச் சந்தேகப்படல. அவ கண்ணத்தான் சந்தேகப்படுதா. ‘காட்டுங்க ஆச்சி’ங்கா. இல்லளா, அங்க ஒண்ணும் இல்ல, நீ சரியாத்தான் படிச்ச. இவ்வளவுதான் சொல்லணும். வாயத் தொறந்தேன். அதைச் சொல்லத்தான் தொறந்தேன், சத்தியமா அதுக்குத்தான். ஆனா எங்கை முன்னால போயிட்டு. வெறுந்தாள்ல விரல வச்சுட்டேன், வச்ச விரலு பைய நகந்து போவுது, வாயி வாசிக்கி, ‘இந்தா இருக்கு பாரு. கையைக் கழுவு. பால் கண்ணில் பட்டால் கண் போகும்.’ எங்குரலு எவ்வளவு நல்லா வந்துச்சு, மேடையில கூட அப்படி வந்ததில்ல. குனிஞ்சு பாக்கா. தாளுக்கு ஒரு விரக்கடை தூரத்துல மூஞ்சிய வச்சுப் பாக்கா. கண்ண இடுக்குதா, அகட்டுதா, புஸ்தகத்த வெளிச்சத்துப் பக்கம் சாய்க்கா. ரொம்ப நேரம். பிறவு, ‘ஆமா ஆச்சி’ங்கா, ‘மங்கலா என்னமோ இருக்க மாதிரிதான் தெரியுது.’ நான் விரல எடுத்துக்கிட்டேன். ‘அங்கன்வாடி வேண்டாம் ஆச்சி. பச்சப் பிள்ளையளுக்கு மருந்து மாத்திரைலாம் குடுக்க வேண்டி வரும், நான் பாட்டுக்கு ஒரு வரிய விட்டுட்டா?’ ‘அதுஞ் சரிதாம்ளா’ங்கேன். மூக்க உறிஞ்சிக்கிட்டு, புஸ்தகத்த மூடி, நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கா, ‘இதுல ஒண்ணு நான் எடுத்துக்கிடட்டுமா ஆச்சி? தெனம் இந்தப் பக்கத்தப் பாத்துப் பாத்துப் பழகுதேன். பழகப் பழக ஒருநாள் தெளிவாத் தெரிஞ்சுரும்லா?’

‘தெரியும்ளா’ன்னேன். ‘பேனாவ எடுத்துட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.’